அக்ரன் நகரில் ஒரு மாலைக் கூட்டம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியில் ஈரி என்னும் பேரேரி கடல்போல் விரிந்து கிடக்கின்றது. அதன் தென்கரையில் கிளீவ்லாந்து மாநகர் அமைந்துள்ளது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்றால் அக்ரன் என்னும் நகரை அடையலாம். உயரமான இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு காலத்தில் உலகின் இரப்பர்த் தலைநகரம் என்றே இவ்வூரை அழைத்தனர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய பெரிய கம்பெனிகள் யாவும் இங்கேதான் டயர் செய்து உலகெங்கும் அனுப்பின. அந்த ஆலைகளின் ஆரவாரம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆயினும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இவ்வூருக்கு வருகின்றனர். வேளாங்கண்ணிக்கு நம் மக்கள் செல்வதுபோல் நேர்ச்சை உணர்வோடு வருகின்றனர். ஆனால் அவர்கள் நாடி வருவது ஒரு திருத்தலத்தை அன்று. ஒரு பழைய ஹோட்டல், ஒரு மர வீடு, ஒரு மருத்துவமனை, ஒரு கல்லறை. வருகிறவர்கள் குடிநோயிலிருந்து மீண்டவர்கள்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மறைபரப்புப் பணிக்கு உதவி வேண்டி, கிளீவ்லாந்து மறைமாவட்டத்தின் சில பங்குகளில் ஞாயிறு திருப்பலிகளில் பேச நாம் சென்றிருந்தோம். அக்ரன் நகரும் அம்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. நம்மை ஏற்று உபசரித்த முதிய பங்குத்தந்தை, வாரநாளில் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று வினவினார். நயாகரா நீர்வீழ்ச்சி என்று சொல்வோம் என அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அக்ரன் என்றோம். காரணம் கேட்காமல் காரை எடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் பங்குப்பணி ஆற்றும் குரு ஒருவர் ஏன் அந்த ஊரைக் காண விழைகிறார் என்பதை விளக்கத் தேவையில்லை போலும்!

ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பெயரை வாசகர்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடி, தத்தம் கதையைச் சொல்லி, ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்கும் கூட்டம் அது. தம் முழுப்பெயரை எவரும் வெளியிடுவதில்லை. இந்த இயக்கம் பிறந்த ஊர் அக்ரன். அது பிறந்த விதமே நாம் சொல்ல வந்த செய்திக்கு அடிப்படையாதலின், அதைச் சற்று விரிவாகவே சொல்வோம்.

நகரின் நடுவே, மெயின் தெருவில், மேஃபிளவர் என்ற உயரமான கட்டடம் நிற்கிறது. முன்பு அது ஹோட்டலாக இருந்தது; பின்னர்க் குடியிருப்பாக மாற்றப்பட்டது. 1935-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், சனிக்கிழமை, நியூயார்க் நகரத்துப் பங்குவணிகர் பில் வில்சன் என்பவர் அதன் கீழ்த்தளக் கூடத்தில் தனியாக உலவிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காக அவர் அக்ரன் வந்திருந்தார்; போட்டியில் தோற்றுப்போனார். கையில் பணமில்லை, ஊரில் நண்பருமில்லை. பல்லாண்டுகள் குடியில் மூழ்கிக் கிடந்து, குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கடை. அங்கிருந்து சிரிப்பொலியும் பேச்சொலியும் வந்துகொண்டிருந்தன. மறுகோடியில் தொலைபேசியும், அதனருகே அவ்வூர்க் கோயில்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தன.

முந்திய மாதங்களில் நியூயார்க்கில் அவர் எத்தனையோ குடிகாரர்களைத் திருத்த முயன்றிருந்தார். அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அந்த முயற்சியில் ஈடுபட்டிருந்த வரையில் தாம் குடிக்காமல் இருந்தோம் என்பது அந்தக் கூடத்தில் நின்றபோது அவர் நினைவுக்கு வந்தது. ஆகவே தம்மைக் காத்துக்கொள்வதற்கு இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும். பட்டியலில் கண்ட வால்டர் டங்க்ஸ் என்ற எப்பிஸ்கோப்பல் சபைக் குருவைத் தொலைபேசியில் அழைத்தார். முன்பின் அறியாத ஒருவர், பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டால் எவரும் திகைப்பர் அன்றோ? அக்குரு திகைத்தாலும் தொலைபேசியை வைத்துவிடவில்லை. பத்துப் பெயர்களைக் கொடுத்தார். அவற்றை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டே வந்த வில்சனுக்கு, இறுதியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிட்டியது. குட்இயர் நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தின் மருமகள் அவர். அறுபத்தைந்து அறைகள் கொண்ட ஸ்டேன் ஹைவெட் மாளிகையின் வாயிற்காப்பு வீட்டில் தம் பிள்ளைகளோடு வாழ்ந்துவந்தார். குடியால் அழிந்துகொண்டிருந்த ஓர் அறுவை மருத்துவரை அவர் அறிந்திருந்தார்.

மறுநாள் அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு அந்த மருத்துவர், இராபர்ட் ஸ்மித், மனைவியின் வற்புறுத்தலுக்கு இணங்கி அங்கே வந்தார். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கமாட்டேன் என்பது அவர் நிபந்தனை. இரவு பதினொரு மணிக்குப் பின்னரே அவர் எழுந்தார். அதற்குமுன் அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். அன்று வந்தவரோ அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தம் சொந்தக் கதையைச் சொன்னார். உம்மோடு பேசுவது எனக்குத் தேவையாய் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் பேசிய அந்த வாயில் வீட்டை நாமும் கண்டோம். மாளிகையைக் காண வருகிறவர்கள் பலர். அந்தச் சிறு வீட்டினுள் நுழைகிறவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அந்தச் சந்திப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மருத்துவர் ஸ்மித் மீண்டும் ஒருமுறை குடித்தார். மருத்துவர்கள் மாநாடு ஒன்றுக்குச் சென்றவர் நினைவிழந்த நிலையில் திரும்பினார். ஜூன் 10-ஆம் நாள் காலை, அறுவைச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய அவருடைய கை நடுங்கியது; நடுக்கத்தை அடக்க ஒரு புட்டி பீர் கொடுத்து அனுப்பினார் வில்சன். அதுவே அவர் கடைசியாகக் குடித்த மது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் இறக்கும்வரை அவர் மீண்டும் தொடவில்லை. அந்த ஜூன் 10-ஆம் நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஆர்ட்மோர் அவென்யூவில் 855 என்ற எண்ணுள்ள மர வீடு அவருடையது. 2012-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அமெரிக்க அரசு அறிவித்தது. நாம் சென்றபோது ஆண்டுவிழாக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் கழிந்திருந்தது. படியேறும்போதே, 'வீட்டுக்கு வாருங்கள், நல்வரவு' என்ற பொருளில் வரவேற்றனர். அங்கே எல்லாரையும் அப்படித்தான் வரவேற்கின்றனர். குருக்களுக்கெனத் தனி மரியாதை எதுவும் இல்லை; அது நமக்கு நன்றாகவே இருந்தது. அடுக்களையில் காப்பி மணம். மாடியில் சிறு படுக்கையறைகள். 1935-ஆம் ஆண்டு கோடையில் வில்சன் இங்கேதான் தங்கினார். பின்னர் எத்தனையோ குடிநோயர்களை மருத்துவரும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் இங்கே படுக்க வைத்து, உணவூட்டித் தேற்றினர். காலைதோறும் அந்த அம்மையார் அவர்களுக்கு விவிலியம் வாசித்தார். யாகப்பரின் திருமுகம், ஆண்டவரின் மலைப்பொழிவு, அன்பைக் குறித்துப் புனித சின்னப்பர் எழுதிய அதிகாரம் ஆகிய மூன்றும் அவ்வீட்டில் அடிக்கடி வாசிக்கப்பட்ட பகுதிகள். இயக்கத்தின் வரலாற்றில் இந்தப் பெண்மணிக்கு உரிய இடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்பது நம் கருத்து.

அங்கிருந்து கணவாய்போன்ற பள்ளத்தாக்கின்மேல் அமைந்த உயரமான பாலத்தைக் கடந்து வடக்கே சென்றோம். அப்பகுதியை நார்த் ஹில் என்பர். பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேப்பாள மொழியினர் ஏராளமானோர் அங்கே குடியேறியிருக்கின்றனர். கடைகளில் தேவநாகரி எழுத்தில் பெயர்ப்பலகைகள். உள்ளே துவரம்பருப்பும் சீரகமும். இரண்டு வாரங்கள் உப்புச்சப்பில்லாத உணவு உண்ட நமக்கு அந்த வாசனை போதையாகவே இருந்தது. (பங்குத்தந்தையிடம் அதைச் சொன்னபோது, இந்த ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள் என்று சிரித்தார்.)

அந்தப் பகுதியில்தான் புனித தோமையார் மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது. புனித அகுஸ்தினாரின் பிறரன்புச் சகோதரிகள் 1928-இல் அதைத் திறந்தனர். வாயிலில் வந்தவர்களைப் பதிவுசெய்து படுக்கை ஒதுக்கும் வேலை அருட்சகோதரி இக்னேஷியாவுடையது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 1889-இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். மிகவும் மெலிந்த உடல்வாகினர். முதலில் அவர் இசை ஆசிரியை. அளவுக்கு மீறிய உழைப்பினால் உடலும் நரம்புகளும் தளர்ந்து நெடுநாள் நோயுற்ற பின்னரே இந்த வாயிற்பணியை அவருக்குக் கொடுத்தனர். இனி இவரால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற எண்ணத்தில் கொடுத்த வேலையாக இருக்கலாம்!

அக்காலத்தில் குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் மறுத்தன. கலாட்டா செய்வார்கள், கட்டணம் கொடுக்கமாட்டார்கள், நோயே இல்லை, கெட்ட பழக்கம்தான் என்பன காரணங்கள். 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மருத்துவர் ஸ்மித் கேட்டுக்கொண்டதன்பேரில், கடுமையான இரைப்பை அழற்சி என்று ஏட்டில் எழுதி, ஒரு குடிநோயரைச் சகோதரி சேர்த்துக்கொண்டார். தனியறை இல்லை. நோயாளிகளுக்கு வரும் பூங்கொத்துகளை ஒழுங்குசெய்யும் சிறு அறைக்குள் அவருடைய கட்டிலைத் தள்ளி வைத்தார். மறுவாழ்வுப் பணியில் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றின் பங்கு அந்தப் பூ அறையில் தொடங்கியது. பின்னர்த் தனிப்பகுதியே ஏற்பட்டது. ஐந்து நாள் சிகிச்சை. நோயரை ஏற்கெனவே மீண்ட ஒருவர் அழைத்து வரவேண்டும். மீண்டவர்கள் வந்து பேசுவார்கள். காப்பி எந்நேரமும் உண்டு. சிற்றாலயத்தின் பாடகர் மாடத்துக்கு அந்தப் பகுதியிலிருந்தே வழி இருந்தமையால், மருத்துவமனை உடையோடே சென்று செபிக்கலாம். 1950 வரை ஏறத்தாழ 5,000 பேர் அவ்விருவரின் கையால் பேணப்பட்டனர்.

சகோதரியின் ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். விடைபெற்றுச் செல்லும் ஒவ்வொருவரிடமும் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நேர்ந்தால், குடிக்குமுன் இதை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடவேண்டும் என்பது ஒப்பந்தம். கத்தோலிக்கர், பிரிந்த சகோதரர், நம்பிக்கை அற்றவர் யாவரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள். 1952-இல் அவர் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டு, அங்கே புனித வின்சென்ட் மருத்துவமனையில் செபமாலைக் கூடம் என்ற பெயரில் இதே பணியைத் தொடர்ந்தார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்று மாலையே கூட்டம் ஒன்றுக்குச் செல்ல விரும்பினோம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பங்குத்தந்தை காரின் பெட்டியிலிருந்து மடிப்புத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கூட்டங்களின் பட்டியல். விடியற்காலை, நண்பகல், மாலை, இரவு என்று நேரங்கள். நம் ஊர்ப் பேருந்துக் கால அட்டவணை போன்ற பொடியெழுத்து. ஒவ்வொன்றின் அருகிலும் அடையாள எழுத்துகள்: இது திறந்த கூட்டம், இது மூடிய கூட்டம், இது பெண்களுக்கு மட்டும். மூடிய கூட்டத்துக்குக் குடியை விட விரும்புகிறவர் மட்டுமே செல்லலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, பிள்ளைகள், மருத்துவர், குருக்கள் யாரும் செல்லலாம்; ஆனால் கேட்க மட்டுமே. பெரும்பாலான இடங்கள் கோயில்களின் நிலவறைகள். ஆயினும் அக்கோயில்களுக்கும் கூட்டத்துக்கும் தொடர்பு இல்லை. இடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள். எங்கள் கோயிலிலும் ஒரு கூட்டம் நடக்கிறது, வாடகை வேண்டாம் என்றேன், அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றுவிட்டார்கள் என்றார் பங்குத்தந்தை. தம் செலவைத் தாமே தாங்குவது அவர்கள் கடைப்பிடிக்கும் மரபுகளுள் ஒன்று.

லூத்தரன் கோயில் ஒன்றின் நிலவறையில் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கிய திறந்த கூட்டத்துக்குச் சென்றோம். கோடையாதலின் வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகள் நாற்பது இருக்கலாம். வாசலில் நின்ற ஒருவர் கைகுலுக்கினார். எங்கிருந்து வருகிறீர்கள், யார் என்று எதுவும் கேட்கவில்லை. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த முதியவர் ஓர் இளைஞருக்கு மட்டும் பாதிக் கோப்பை கொடுத்ததைக் கண்டு காரணம் புரியாமல் நின்றோம். பின்னர் அவரே சொன்னார்: புதிதாக வருகிறவர்களுக்குக் கை நடுங்கும்; முழுக்கோப்பை கொடுத்தால் சிந்தும்; சிந்தினால் வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த முறை வரமாட்டார்கள். தாம் முதன்முதல் வந்த அன்று தமக்கும் அப்படியே கொடுத்தார்களாம். டயர் ஆலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்; இதை எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தவரும் அவர் ஒருவரே.

ஏனெனில் அங்கே கேட்டவற்றை வெளியே சொல்லக்கூடாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காப்பாற்றிப் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆகவே கூட்டத்தின் வடிவத்தை மட்டும் சொல்லலாம். ஒருவர் எழுந்து தம் முதற்பெயரைச் சொல்லித் தாம் ஒரு குடிநோயர் என்கிறார். அனைவரும் அப்பெயரைச் சொல்லி வணக்கம் கூறுகின்றனர். பிறகு ஒருவரே நெடுநேரம் பேசுகிறார். முன்பு எப்படி இருந்தேன், என்ன நிகழ்ந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்பதே பேச்சு. ஓஹாயோ மாநிலத்தில் இதை 'லீட்' என்கின்றனர். இடையில் குறுக்கீடு இல்லை. முடிந்தபின் விமரிசனமும் இல்லை. சிரிப்பு மிகுதி. நாம் கண்ணீரை எதிர்பார்த்துச் சென்றிருந்தோம். அவர்களோ தங்கள் இழிவுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூடை ஒன்று கைமாறி வந்தது. பக்கத்தில் இருந்தவர் நம் மடியைத் தாண்டி அப்பால் இருந்தவரிடம் அதைக் கொடுத்தார். விருந்தினரிடம் காசு வாங்குவதில்லை. காணிக்கை எடுக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழித்த நாம் இதைச் சற்று வியப்போடுதான் நோக்கினோம்.

பின்னர் வில்லைகள் வழங்கப்பட்டன. குடிக்காமல் கழித்த காலத்துக்கு ஏற்ப ஒரு நாணய வடிவ வில்லை. இருபது ஆண்டுகளைக் கடந்த ஒருவருக்குக் கைதட்டினார்கள். முப்பது நாட்களைக் கடந்த ஒரு பெண்ணுக்கு அதைவிட மிகுதியாகத் தட்டினார்கள். இறுதியில் அனைவரும் கைகோத்து நின்று ஆண்டவர் கற்பித்த செபத்தை, பிரிந்த சகோதரர்கள் சேர்க்கும் முடிவுத் தொடரோடு, சொன்னார்கள். நாமும் தமிழில் முணுமுணுத்தோம்.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் சிலருக்கு இங்கே ஓர் ஐயம் எழக்கூடும்: இது ஏதேனும் சபையாரின் செபக்கூட்டமோ? இந்த ஐயம் புதிதன்று. தொடக்கத்தில் அக்ரன் குடிநோயர்கள் ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற புராட்டஸ்தாந்து இயக்கத்தோடு சேர்ந்தே கூடினர். கிளீவ்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களை அக்கூட்டங்களுக்குப் போகக்கூடாது என்று அவர்களுடைய குருக்கள் தடுத்தனர். குடியை விட இதுவே வழி என்று கண்டவர்களுக்கு இது பெரும் மனச்சங்கடம். ஆகவே 1939-ஆம் ஆண்டு மே மாதம் கிளீவ்லாந்து உறுப்பினர்கள் பிரிந்து சென்று, அதற்கு முந்திய மாதம் வெளிவந்த நூலின் பெயராகிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதையே தங்கள் கூட்டத்துக்குச் சூட்டினர். அப்பெயரைத் தாங்கிய முதற்கூட்டம் அதுவே. கத்தோலிக்கர் மனச்சான்று உறுத்தாமல் வரவேண்டும் என்பதற்காக எடுத்த அந்த முடிவு, பிற்காலத்தில் இந்துக்களும் இஸ்லாமியரும் வருவதற்கும் வழிசெய்தது. மறுஆண்டே இயேசு சபைக் குரு எட்வர்ட் டௌலிங் நியூயார்க் சென்று வில்சனைச் சந்தித்தார். அவர் குடிநோயர் அல்லர். இயக்கத்தின் பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒப்புமை அவரை ஈர்த்தது. தன் வலுவின்மையை ஏற்றல், ஆன்ம சோதனை, குற்றங்களை மற்றொருவரிடம் வெளிப்படுத்தல், தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்தல் என்று செல்லும் அப்படிகளை நம் வாசகர்கள் அந்நியமாக உணரமாட்டார்கள். அவை அருட்சாதனத்துக்கு ஈடு அல்ல; அப்படி அவர்கள் சொல்வதுமில்லை. குருக்களும் இந்நோய்க்கு விலக்கானவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடவேண்டும்: அமெரிக்கக் குரு இரால்ஃப் பிஃபாவ் 1943-இல் ஏ.ஏ.யில் சேர்ந்து, தம்மைப் போன்ற குருக்களுக்காகப் பெரிதும் உழைத்தார்.

திரும்பும் வழியில் மவுண்ட் பீஸ் கல்லறைத் தோட்டத்தில் மருத்துவர் ஸ்மித்தின் கல்லைக் கண்டோம். இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. மேலே சிறு வில்லைகள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் தில்லியில் வேரூன்றியது. இப்போது அதன் பொதுப்பணி அலுவலகம் மும்பையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல நகரங்களில் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னை போன்ற இடங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. அவற்றுள் பல நம் பள்ளிகளின் அறைகளிலும் கோயில் வளாகங்களிலுமே கூடுகின்றன என்பது பக்கத்துத் தெருவில் வாழும் நமக்கே தெரிவதில்லை. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்திவரும் மாநிலம் இது. கடை எங்கே என்று வெளியூர்க்காரர்கூட யாரையும் கேட்காமல் கண்டுபிடித்துவிடுகிறார். கூட்டம் எங்கே என்பதை உள்ளூர்க்காரர் அறியார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, குடிநோய் மறுவாழ்வு மையத்திலோ கேட்டால் சொல்வார்கள். ஏ.ஏ. தொலைபேசி எண்ணை அழைத்தால், எடுத்துப் பேசுகிறவரும் மீண்டவராகவே இருப்பார். வேண்டுமானால் முதல்நாள் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து அழைத்துச் செல்வார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். சகோதரி இக்னேஷியா கட்டிலைத் தேடியது அதற்காகவே. மேலும், ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பிடிக்கவில்லை என்றால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கூட்டத்தின் போக்கு மாறும்.

நாம் ஊர் திரும்பிய சில வாரங்களில், பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். (அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.) கணவர் கட்டட வேலை செய்கிறவர். கூலியில் பாதிக்குமேல் கடைக்குப் போகிறது. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். ஏ.ஏ.யைப் பற்றி எடுத்துரைத்தோம். இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரத்தில் கூட்டம் நடப்பதையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சாமி, அவர் குடிக்கிறது ஊருக்கே தெரியும். ரோட்டுல விழுந்து கிடக்கிறப்ப வராத வெக்கம், கூட்டத்துக்குப் போனா வந்துருமாம் அவருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அவர் போகாவிட்டாலும் நீ போகலாம் அம்மா என்றோம். குடிநோயரின் குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனிக்கூட்டம் உண்டு. வில்சனின் மனைவி லோயிஸ் அம்மையாரும் அவர் தோழியரும் 1951-இல் அதற்கு அமைப்பு வடிவம் கொடுத்தனர். குடிப்பவர் குடித்துக்கொண்டிருந்தாலும், குடும்பத்தினர் அங்கே போய்ப் பேசலாம். அவருடைய குடிக்குத் தாம் காரணமல்ல என்பதை அங்கே முதன்முதலாகக் கேட்கும் பெண்கள் பலர். அந்தத் தாய் அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னோம்.

நகரத்துக் கூட்டத்தாருடன் பேசியதில், வாரம் ஒருநாள் நம் ஊருக்கே வந்து நடத்த அவர்களுள் மூவர் முன்வந்தனர். பங்குப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறையை வியாழக்கிழமை மாலை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளின் பெஞ்சுகள் தாழ்வானவை. வளர்ந்த ஆண்கள் அதில் முழங்கால் மடங்கி உட்காரவேண்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் குறைகூறவில்லை. வாடகை வேண்டாம் என்றோம். அக்ரனில் கேட்ட பதிலையே இங்கும் கேட்டோம். மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிறார்கள், இரசீது எழுதுகிறோம்.

யார் வருகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை; மாலை செபமாலை முடிந்ததும் அறைவீட்டுக்குள் போய்விடுகிறோம். கோயிற்பிள்ளைதான் அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, தேநீர் டம்ளர்களை வைத்துவிட்டு வருகிறார். மறுநாள் கழுவுகிறவரும் அவரே. முதல் வாரம் நான்கு டம்ளர். சென்ற வாரம் ஒன்பது. அதற்குமேல் அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பெண்களுக்கான கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார்.